18-ம் நம்பர் முள்ளைப் பிடிக்கிற வைஸ்: குறைந்த விலையில் எது தேறும்?

சின்ன ஃப்ளை கட்ட வைஸ் வாங்கப் போகிறவர்கள் காசைத் தாடை நுனிக்குக் கொடுங்கள், மற்றதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஃப்ளை என்றால் தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிக் கட்டுகிற பொய்ப்பூச்சி, கட்டும்போது அந்த முள்ளைத் தன் தாடையில் இறுக்கிப் பிடிக்கிற கருவிதான் வைஸ். சுழலுமா, கனமான அடித்தட்டு வருமா, பையோடு தருகிறார்களா என்று கேட்பவர்கள்தான் அதிகம். 18-ம் நம்பர் முள்ளை மேசையில் வைத்துக்கொண்டு உட்காரும்போது இதில் எதுவும் உதவாது. நுனி மெல்லியதா, இரண்டு பக்கமும் சரியாகச் சேருகிறதா, பிடித்த முள் நகராமல் நிற்கிறதா, இந்த மூன்றும்தான் வேலை செய்யும். இதை மனதில் வைத்துக்கொண்டு நான் வாங்கியது, இரவல் வாங்கிக் கட்டிப் பார்த்தது, வாங்க வேண்டாம் என்று முடிவு செய்தது எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

அதற்கு முன், டெல்டாவில் இவ்வளவு சின்ன ஃப்ளை எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில். விராலுக்கும் கழிமுகத்துக் கொடுவாவுக்கும் பெரிய முள் போதும், அதற்கு எந்த வைஸும் ஆகும். கெண்டை வேறு கதை. அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு, அவற்றிலிருந்து பிரிகிற வாய்க்கால்கள், எங்கே மதகுக்குக் கீழே தண்ணீர் சுழன்று நிதானமாகிறதோ அங்கே சாயங்காலத்தில் கெண்டைகள் மேலே வந்து எதையோ உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கிட்டே போய்த் தண்ணீரில் மிதப்பதைக் கையில் அள்ளிப் பார்த்தால் பாதிக்கு மேல் வயலிலிருந்து வந்ததுதான்: பச்சைத் தத்துப்பூச்சி, புகையான், எறும்பு, கொசு. தத்துப்பூச்சி மூன்றிலிருந்து ஐந்து மில்லிமீட்டர்தான் இருக்கும். சம்பா பச்சைபிடித்து நிற்கிற காலத்தில் தெருவிளக்குக்குக் கீழே ஓடுகிற வாய்க்காலைப் பாருங்கள், பூச்சி கொட்டக் கொட்ட மீன் அங்கேயே நிற்கும். அதற்கு 10-ம் நம்பர் ஃப்ளையைப் போட்டால் முட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும், வாயில் நுழையாது. முதல் மழைக்குப் பிறகு ஈசல் கிளம்புகிற அன்றைக்கு மட்டும் 12, 14 எடுபடும். மற்ற நாளெல்லாம் 16, 18, முடிந்தால் 20.

புதிதாக வருகிறவர்களுக்கு: முள்ளின் நம்பர் ஏற ஏற அளவு குறையும். 18-ம் நம்பர் முள்ளின் தண்டு ஒரு நெல்மணி நீளம்கூட இருக்காது. அந்த நீளத்துக்குள் நூல் சுற்றி, உடம்பு கட்டி, இறகு சுற்றி, முள்ளின் கண்ணை (தூண்டில் நரம்பைக் கோக்கிற ஓட்டையை) அடைக்காமல் முடிச்சுப் போட வேண்டும். முள்ளின் வாய் அகலமும் அதே கணக்கில் சின்னது. வைஸின் தாடை தடிமனாக இருந்தால் முள்ளின் பாதி அதற்குள்ளேயே மறைந்துவிடும், நூற்கண்டைப் பிடிக்கிற பாபின் தாடையில் இடிக்கும், விரலுக்கு இடம் இருக்காது. நூல் முள்ளின் கூரில் உரசி அறுந்தது என்று நாம் நினைக்கிற இடத்தில் பெரும்பாலும் காரணம் இந்தத் தடிமன்தான்.

சரி, இப்போது வைஸ்களுக்கு வருவோம்.

முதலில் நான் தினமும் கட்டுவது. இந்தியாவில் செய்கிற சாதாரண நெம்புகோல் வைஸ். உலகம் முழுக்கக் கடைகளில் 'ஏ மாடல்', 'சூப்பர் ஏஏ' என்ற பெயர்களில் விற்கிற மலிவு வைஸ்களில் பெரும்பங்கு நம் நாட்டில் செய்ததுதான். இதன் மூலம் அமெரிக்காவில் இலினாய் மாநிலத்து எல்ஜின் ஊரில் இருந்த தாம்சன் நிறுவனத்தின் மாடல் ஏ. அந்த அமைப்பில் மாற்றம் செய்ய அவ்வளவாக ஒன்றும் இல்லை, அதனால்தான் இவ்வளவு வருஷமாக அப்படியே நகல் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு குழாய், அதற்குள் இரண்டாகப் பிளந்த தாடைத் தண்டு, பின்னால் ஒரு நெம்புகோல். நெம்புகோலை இறக்கினால் தாடை பின்னால் இழுபட்டுக் குழாயின் வாயில் இறுகி மூடும். அவ்வளவுதான் இயந்திரம். கெட்டுப்போக ஒன்றும் இல்லை. எனக்கு இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது, வெளிநாட்டுக்குப் பொருள் அனுப்புகிற ஒருவரிடமிருந்து நேராக.

இதில் நல்லது கெட்டது இரண்டும் இருக்கிறது, கெட்டதையும் சேர்த்தே சொல்கிறேன். இந்த வைஸில் ஒன்று போல் இன்னொன்று இருக்காது. ஒரே பெட்டியிலிருந்து இரண்டை எடுத்தால் ஒன்றின் தாடை நுனி அழகாகச் சேரும், மற்றதில் ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் நீண்டு நிற்கும். ஒன்றின் இரும்பு நன்றாக வெப்பம் ஏற்றிப் பதம் வைத்தது, மற்றது வெறும் மெது இரும்புக்கு மேல் பளபளப்பு முலாம். அதனால் போட்டோவைப் பார்த்து வாங்காதீர்கள். கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் பாருங்கள், முடியாவிட்டால் தாடை நுனியை மட்டும் பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்ப மாட்டேன் என்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

கையில் கிடைத்தால் என்ன பார்ப்பது? முதலில் முள் இல்லாமல் தாடையை மூடி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். நுனியில் வெளிச்சம் தெரியக் கூடாது. பின்னால் கொஞ்சம் இடைவெளி தெரிந்தால் பரவாயில்லை, நுனிதான் முதலில் சேர வேண்டும், சின்ன முள்ளைப் பிடிப்பது அந்த நுனிதான். அடுத்தது ஊசி அரம். தாடையின் பின்பக்கம், முள் படாத இடத்தில், லேசாக ஒரு தரம் இழுங்கள். பதம் வைத்த இரும்பாக இருந்தால் அரம் வழுக்கிக்கொண்டு போகும், மெது இரும்பாக இருந்தால் கடித்துத் துகள் எடுக்கும். துகள் எடுத்தால் வைத்துவிட்டு வாருங்கள். நல்ல முள் உயர் கார்பன் எஃகுக் கம்பி, அது மெது இரும்பை விடக் கடினம், இறுக்கிப் பிடிக்கும்போதெல்லாம் தாடையில் தன் தடத்தைப் பதித்துக்கொண்டே போகும். ஒரு தரம் 10-ம் நம்பர் முள் பதித்த பள்ளத்தில் அடுத்த நாள் 18-ம் நம்பர் வைத்தால் அது அந்தப் பள்ளத்துக்குள் ஆடும்.

மூன்றாவது, முள்ளோடு பார்ப்பது. பையில் ஒரு 18-ம் நம்பர் முள் கொண்டு போங்கள். வளைவின் அடிப்பாகத்தைத் தாடை நுனியில் வைத்து, கூரும் எதிர்முள்ளும் (கூருக்குப் பக்கத்தில் பின்னோக்கி நிற்கிற சின்னப் பல்) வெளியே தெரிகிற மாதிரி பிடித்து, கண் பக்கத்தைக் கட்டைவிரலால் கீழே அமுக்குங்கள். நல்ல பிடியில் முள் வில் மாதிரி வளைந்து திரும்ப நிமிரும். மோசமான பிடியில் முள் அப்படியே தலையைக் குனிந்து நின்றுவிடும். விரல் நகத்தால் சுண்டினால் 'டிங்' என்று சத்தம் வர வேண்டும். சொத்தென்று கேட்டால் பிடி இல்லை. இந்தப் பரிசோதனைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது, எந்தக் கடைக்காரரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

என்னுடையது வரும்போது நுனி பிடித்தது, ஆனால் தடிமன் அதிகம். கும்பகோணத்தில் நகைப் பட்டறைக்குச் சாமான் விற்கிற கடையில் எண்ணெய்க்கல் ஒன்று வாங்கி, தாடையின் வெளிப்பக்கத்தை மட்டும் இரண்டு பக்கமும் சமமாகத் தேய்த்து மெலிய வைத்தேன். உள்பக்கத்தைத் தொடவே கூடாது, தொட்டால் சேருகிற இடம் போய்விடும். எனக்குத் தெரிந்த ஆசாரி ஒருவர் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன்: "மெஷின்ல வச்சிடாதீங்க தம்பி, நீலம் ஏறிச்சுன்னா பதம் போச்சு." சாணை மெஷினில் வைத்தால் நுனி சூடேறி நீல நிறம் வரும், அந்த நிறம் வந்த இடத்தில் எஃகின் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதனால் கையால், எண்ணெய் விட்டு, பொறுமையாக. ஒரு சாயங்காலத்து வேலை. அதற்குப் பிறகு 18 சுகமாக நிற்கிறது, 20-ம் நிற்கிறது, 22 வைத்தால் பிடிக்கிறது, விரலுக்குத்தான் இடம் போதவில்லை.

நெம்புகோலைப் பற்றியும் ஒரு வார்த்தை. முள்ளின் கம்பித் தடிமனுக்கு ஏற்பத் தாடையின் இழுப்பை முதலிலேயே திருகிச் சரிசெய்து வைக்க வேண்டும். மேலே நிற்கிற நெம்புகோல் இறங்கி வந்து கடிகாரத்தின் 4 மணிக்கும் 6 மணிக்கும் நடுவில் இறுகினால் சரி. அதற்கு முன்பே இறுகுகிறது என்று பலம் போட்டு இறக்கினால் சின்ன முள் வளைவில் முறியும், இல்லையென்றால் தாடை நுனி சில்லுத் தெறிக்கும். நம்பர் மாற்றும்போதெல்லாம் இதைச் செய்ய வேண்டும் என்பது இந்த வகை வைஸின் ஒரே தொந்தரவு. நான் ஒரு உட்காரலில் ஒரே நம்பரைத்தான் கட்டுவேன், அதனால் எனக்கு இது ஒரு குறையாகவே படவில்லை.

அடுத்தது, ஆன்லைனில் வாங்கிய மலிவான சுழல் வைஸ். ஒரே பொருளை ஐந்தாறு பெயரில் விற்கிறார்கள், அதனால் பெயர் சொல்லிப் பயன் இல்லை. பார்க்கக் கண்ணைப் பறிக்கும்: கறுப்பு அலுமினியம், பித்தளைத் திருகு, கனமான அடித்தட்டு, நூலைத் தாங்க ஒரு கம்பி, எல்லாம் இருக்கும். கட்ட உட்கார்ந்தால் தெரிந்துவிடும். தாடை நுனி கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் அகலம், 18-ம் நம்பர் முள்ளின் வளைவு முழுக்க உள்ளே போய்விடுகிறது. சுழல்கிற தண்டுக்கும் அதன் உறைக்கும் நடுவில் ஆட்டம். ஒவ்வொரு சுற்று நூலுக்கும் முள் மேலும் கீழும் அசைகிறது. பெரிய முள்ளில் இந்த அசைவு தெரியாது, சின்ன முள்ளில் நூல் போய் விழுகிற இடமே மாறிப்போகும். விற்றவருக்கு எழுதினேன், தாடை மாற்றித் தர முடியாது, திரும்பவும் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றார்கள். அது இப்போது கொடுவாவுக்குப் பெரிய ஃப்ளை கட்டப் பயன்படுகிறது. அந்த வேலைக்கு நன்றாகவே இருக்கிறது.

சுழல் வேண்டுமா வேண்டாமா என்பதில் என் கருத்து இதுதான். உண்மையான சுழல் வைஸில் முள்ளின் தண்டு சுழல்கிற அச்சிலேயே இருக்கும், தாடையைச் சுற்றினால் தண்டு இருந்த இடத்திலேயே உருளும். நீளமான உடம்பு சுற்றவும், பின்பக்கம் திருப்பிப் பார்க்கவும், பசை தடவிக் காயும்வரை உருட்டவும் அருமையான வசதி. ஆனால் தத்துப்பூச்சி ஃப்ளையின் உடம்புக்கு மொத்தமே ஏழெட்டுச் சுற்று நூல்தான், அதைக் கையால் சுற்றுவதே வேகம். பின்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் தலையைச் சாய்த்தால் தெரியும். சின்ன ஃப்ளைக்காக மட்டும் வாங்குகிறவர் சுழலுக்கென்று ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பெங்களூரில் இருக்கும் மச்சான் பொங்கலுக்கு வரும்போது அவருடைய ரீகல் கம்பெனி வைஸைக் கொண்டுவருவார், அதிலும் கட்டிப் பார்த்திருக்கிறேன். நெம்புகோலை அமுக்கினால் வாய் திறக்கும், விட்டால் ஸ்பிரிங்கே பிடித்துக்கொள்ளும். எந்த நம்பர் முள் வைத்தாலும் எதையும் திருகிச் சரிசெய்ய வேண்டாம். பிடி என்றால் அப்படி ஒரு பிடி. ஆனால் சாதாரணத் தாடையின் நுனி சின்ன முள்ளுக்குக் கொஞ்சம் முரட்டு. மெல்லிய தாடையோடு தனியாக வருகிறது, சின்ன ஃப்ளை கட்டுகிறவர் அதைத்தான் எடுக்க வேண்டும். பீக் கம்பெனியின் சுழல் வைஸுக்கும் சின்ன முள்ளுக்கென்று மெல்லிய தாடை தனியாக விற்கிறார்கள். ரென்செட்டியின் ட்ராவலர் பலருடைய கனவு வைஸ், நுனி அழகு, சுழற்சி அழகு, ஆனால் 200 டாலரைத் தாண்டும், அதற்கு மேல் கப்பல் கூலி, சுங்கவரி. டென்மார்க்கில் செய்கிற டான்வைஸ் இவற்றை விட மலிவு, உடம்பு டெல்ரின் பிளாஸ்டிக், தாடை மட்டும் எஃகு. துரு பிடிக்கிற நம்ம ஊருக்கு அந்தப் பிளாஸ்டிக் உடம்பு ஒரு வரம் என்றே நினைக்கிறேன். வெளிநாட்டிலிருந்து யாராவது வருகிறார்கள், பெட்டியில் இடம் இருக்கிறது என்றால் டான்வைஸைச் சொல்லி அனுப்பலாம். அதற்கு மேல் செலவு செய்வது மாதக்கணக்கில் நூற்றுக்கணக்கில் கட்டுகிறவருக்குத்தான் நியாயம்.

காசே செலவழிக்காமல் தொடங்க முடியுமா என்று பள்ளிக்கூடப் பையன்கள் கேட்கிறார்கள். முடியும். மருந்துக்கடையில், அதுவும் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற தெருவில், ஆர்டரி ஃபோர்செப்ஸ் (கத்திரிக்கோல் மாதிரி பிடியுள்ள, பூட்டிக்கொள்கிற இடுக்கி) கிடைக்கும். சின்னதாக, நேர் மூக்கு உள்ளதாக வாங்கி, அதைப் பட்டறை வைஸிலோ மரக்கட்டையிலோ சாய்வாகப் பொருத்தினால் 14 வரை கட்டலாம். அதைவிடச் சின்ன முள்ளுக்குப் போனால் அதன் வாயில் இருக்கிற வரிப்பற்களுக்கு நடுவில் முள் நழுவும். பொற்கொல்லர்கள் பயன்படுத்துகிற கைவைஸையும் பார்த்தேன். மெல்லிய கம்பியை நேராகப் பிடிக்க அதற்கு இணை கிடையாது, ஆனால் வளைந்த முள்ளைப் பிடிக்க அதன் வாய் அமைப்பு ஒத்துவரவில்லை, இரண்டாவது சுற்றிலேயே திரும்பிக்கொள்கிறது.

மேசையில் மாட்டுவதா, தட்டில் நிற்பதா? மலிவு வைஸில் மாட்டுவதையே வாங்குங்கள். மாட்டுகிற வைஸ் மேசையின் கனத்தையே தன் கனமாக்கிக்கொள்ளும். தட்டில் நிற்கிற வைஸுக்கு நல்ல கனமான தட்டு வேண்டும், மலிவில் வருகிற தட்டு நூலை இழுத்தால் கூடவே நகரும். ஆனால் ஒன்று, பிளாஸ்டிக் மேசையில் மாட்டாதீர்கள், விளிம்பு வளைந்து கொடுத்து வைஸ் தலையாட்டும். என் வீட்டில் நல்ல மரமேசை ஒன்றுதான், அது பிள்ளைகள் படிக்கிற மேசை. அதனால் நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு கடைகிற பட்டறையில் சொல்லிக் கனமான பித்தளைத் தட்டு ஒன்று கடைந்து, நடுவில் தண்டு நிற்க மரை போட்டு வாங்கினேன். விளக்கின் அடிப்பாகம் கடைந்து பழகிய கை, அசையாமல் நிற்கிறது. பித்தளை விலையோடு வைஸ் விலைக்குப் பக்கத்தில் வந்தது, ஆனால் நாளை வேறு வைஸ் வாங்கினாலும் அதே தட்டில் நிறுத்திக்கொள்ளலாம்.

துரு. இதை வெளிநாட்டு விமர்சனங்களில் யாரும் எழுதுவதில்லை, நமக்கோ இதுதான் பெரிய பிரச்சினை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவரே ஈரமாக இருக்கும்போது தாடை நுனி ஒரு ராத்திரியில் சிவந்துவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று வேறு. குழாய்க்கும் தண்டுக்கும் முலாம் இருக்கும், தாடை வெறும் எஃகு. கட்டி முடித்ததும் தையல் மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டுத் துணியில் எடுத்துத் துடைத்து வையுங்கள், மறுநாள் கட்டுவதற்கு முன் காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள், எண்ணெய் முள்ளில் ஏறினால் நூல் வழுக்கும், ஃப்ளையின் தலையில் வைக்கிற பசை ஒட்டாது. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுபிசுவென்று கெட்டியாகிவிடும். நுனியில் ஏற்கெனவே துரு வந்திருந்தால் உப்புத்தாள் போடாதீர்கள், எண்ணெயில் நனைத்த துணியால் பொறுமையாகத் தேய்த்தாலே போகும்.

வைஸோடு சேர்த்து விற்கிற பெட்டி செட்களைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். வைஸ், பாபின், கத்திரிக்கோல், இறகுப் பிடி, கொஞ்சம் இறகு, கொஞ்சம் நூல் எல்லாம் ஒரே பெட்டியில். வேண்டாம். அதில் வருகிற வைஸ்தான் எல்லாவற்றிலும் மெது இரும்பு. அந்தக் காசை வைஸுக்கு மட்டும் போடுங்கள், மற்றதில் பாதி இங்கேயே கிடைக்கும். நாட்டுச் சேவலின் கழுத்து இறகு கறிக்கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். சின்ன ஃப்ளைக்கு இறகின் நார் குட்டையாக வேண்டும் என்பதால் கழுத்தின் மேல்பக்கம் தலையோரத்து இறகைப் பொறுக்குங்கள். திருபுவனத்தில் தறி வைத்திருக்கிற வீட்டில் கேட்டால் துண்டுப் பட்டு இழையும் ஜரிகையும் கிடைக்கும். இழையைப் பிரித்தால் நூல் மிக மெல்லியதாக வரும், ஜரிகை ஒரு சுற்றுச் சுற்றினால் கொசுப் பூச்சியின் வயிற்றுக் கோடு ரெடி. வயலில் தானாக உதிர்ந்து கிடக்கிற மயில் தோகையின் நார் எறும்புக்கும் வண்டுக்கும் அருமை. உதிர்ந்ததை மட்டும் எடுங்கள். காட்டுக்கோழி இறகைக் கொண்டுவந்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் தொடாதீர்கள், அது 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, அந்தப் பறவை உயிரோடு காட்டில் இருப்பதுதான் நமக்கு வேண்டும்.

மிச்சமாகிற காசில் ஒன்று வாங்கச் சொல்வேன் என்றால் அது நகைப் பட்டறைக்காரர்கள் தலையில் மாட்டிக்கொள்கிற லென்ஸ். நாற்பது வயதைத் தாண்டியவருக்கு நல்ல வைஸை விட அது முக்கியம் என்றுகூடச் சொல்லலாம். 18-ம் நம்பர் முள்ளின் கண்ணில் நூல் ஏறிவிட்டதா இல்லையா என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது, வாய்க்கால் கரையில் நரம்பைக் கோக்கும்போதுதான் தெரியும், அப்போது வெளிச்சமும் போயிருக்கும், மீனும் மேலே வந்திருக்கும்.

கடைசியாக விலைக் கணக்கு. இரண்டாயிரத்துக்குள் என்றால் இந்திய ஏ மாடல், நுனியைப் பார்த்துப் பொறுக்கி, எண்ணெய்க்கல்லில் மெலிய வைத்து. இரண்டாயிரத்திலிருந்து ஐந்தாயிரத்துக்குள் ஆன்லைனில் மின்னுகிற சுழல் வைஸ்களில் எதையும் 18-க்காக வாங்காதீர்கள், அந்த விலையில் தாடைக்குச் செலவழித்த வைஸ் எதுவும் என் கைக்கு வரவில்லை. அதற்கு மேல் போகத் தயார் என்றால் நடுவில் நிற்காமல் டான்வைஸோ பீக்கோ என்று நேராகப் போங்கள், பீக் என்றால் மெல்லிய தாடையையும் அதே பார்சலில் சேர்த்து வரவழையுங்கள், பிறகு தனியாக வரவழைத்தால் கூலி தாடை விலைக்கு வந்துவிடும். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தாலும் நம்ம வாய்க்காலில் தண்ணீர் தெளிந்து கெண்டை மேலே வர மாசக்கணக்கில் ஆகும், அதற்குள் வைஸை வாங்கி நுனியைத் தேய்த்துச் சரிசெய்துகொள்ள நிறைய நேரம் இருக்கிறது. தாடை நுனி படம் கிடைத்து, எடுக்கலாமா வேண்டாமா என்று சந்தேகம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.